அலமாரிக் கண்ணாடியில் தெரிந்தது

நாற்காலியை இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள் மேடம். அந்த மூலைக்கு மின்விசிறிக் காற்று வராது. இருபத்திரண்டு வருஷமாக இந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், எங்கே காற்று வரும், எங்கே வராது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. விசாரணைக்கு வந்தவர் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்கே மனசு கேட்காது.

எதையும் மறைக்கப்போவதில்லை. பூசி மெழுகுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொல்ல விடுங்கள். நடுவில் கேள்வி கேட்டால் எனக்கு வரிசை தப்பிவிடும், வரிசை தப்பினால் அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்காது.

இது மனநல மருத்துவமனை. இங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் மனச்சிதைவு நோய். இல்லாத குரல் காதில் கேட்கும், யாரோ பின்தொடர்வதாகத் தோன்றும். அவர்களுக்கு மாத்திரை மட்டும் போதாது, பேச்சு சிகிச்சையும் தர வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், பதினாறு அமர்வுகள். காகிதக் கோப்பு இருந்த காலத்தில் யாருக்குக் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுக்கவில்லை என்று கடவுளுக்குத்தான் தெரியும். பிறகு எல்லாம் கணினிக்கு வந்தது. பதிவேட்டு அலுவலர் என்ற முறையில் அது என் பொறுப்புக்கு வந்தது.

திரையில் நோயாளிக்கு ஒரு வரி. வரியின் கடைசியில் 'பேச்சு சிகிச்சை' என்று ஒரு கட்டம். அதில் நான்கில் ஒன்றைத்தான் போட முடியும்: காத்திருக்கிறார், நடக்கிறது, முடிந்தது, மறுத்தார். ஆறு வாரத்துக்கு மேல் ஒருவர் காத்திருந்தால் அவருடைய வரி தானாகச் சிவப்பாகிவிடும். மாதக் கடைசியில் எத்தனை வரி சிவப்பு என்று மேலிடத்துக்குப் போகும். அங்கிருந்து எங்கள் கண்காணிப்பாளருக்குத் தொலைபேசி வரும். அவர் என் மேஜைக்கு வந்து நின்று தலையைச் சொறிவார்.

முந்நூற்று நாற்பது நோயாளிகளுக்குப் பேச்சு சிகிச்சை தர இரண்டே பேர். ஒருத்தி பிரசவ விடுப்பில் போனாள். இன்னொருவர், நல்ல பையன், வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அப்புறம் திரையைத் திறந்தாலே சிவப்பு. இதை நீங்கள் சிரிக்காமல் கேட்க வேண்டும் மேடம், திரையின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் காலைக் காப்பி குடிப்பேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். 'மறுத்தார்' என்று போட்டால் அந்த வரி வெள்ளையாகிவிடும். அதோடு அந்த நபர் மொத்தக் கணக்கிலிருந்தே விலகிவிடுவார். சிகிச்சை தருகிறவர்களின் பட்டியலிலும் அவர் பெயர் வராது. மறுத்தவரை யாரும் தேட மாட்டார்கள். கண்காணிப்பாளரிடம் சொன்னேன். "வேண்டாம்னு சொல்றவங்களை நாம கையைப் பிடிச்சா இழுக்க முடியும்?" என்றார், போய்விட்டார். அவர் செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. அவர் மேல் பழி போடாதீர்கள்.

நான் சும்மா போடவில்லை. கேட்டுத்தான் போட்டேன். மாத்திரை வாங்க வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "பதினாறு வாரம் வரணும், ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் உட்காரணும், உங்களுக்கு எதுக்கும்மா அலைச்சல்?" என்று கேட்டேன். பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்றார்கள். சிலர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததும் ஒரு பதில்தானே. அப்படி அறுபது பேர்.

அறுபத்தோராவது ஆள்தான் தையல்காரி.

வயது முப்பத்து நான்கு. வீட்டிலேயே இயந்திரம் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. அவளும் அவள் அம்மாவும் மட்டும்தான். அவளுக்கு இரண்டு பெண் குரல்கள் கேட்கும். இரண்டும் சதா அவள் தையலைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும், இங்கே கோணல், அங்கே சுருக்கம் என்று. மாமியார் இல்லாத குறையை அதுகள் தீர்த்துவைக்கின்றன என்று அவள் அம்மா ஒருமுறை சொல்லிச் சிரித்தாள். நல்ல அம்மா. மகளின் மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருப்பாள். அதனாலேயே எனக்கு அவள்மேல் ஒரு மரியாதை.

ஊரைவிட்டுப் போன பையன் போவதற்கு முன்னால் தையல்காரியிடம், "உங்க பேரை எழுதிட்டேன், கூப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அம்மாவும் மகளும் காலை பத்து மணிக்கு வந்து, நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற இதே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, கூப்பிட்டார்களா என்று கேட்பார்கள். அடுத்த வாரம் என்பேன். சரி என்று போவார்கள். பத்தொன்பது வாரம். முணுமுணுத்தது கூடக் கிடையாது. மற்ற எல்லா வரியும் வெள்ளையான பிறகு அவள் வரி மட்டும் சிவப்பாக நின்றது. வெள்ளைச் சட்டையில் வெற்றிலைக் கறை மாதிரி.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் மட்டும் உள்ளே வந்தாள். அம்மா மருந்து வரிசையில் நின்றிருந்தாள். உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு அவள் வரியைத் திறந்து, 'மறுத்தார்' என்று மாற்றினேன். தேதியையும் மூன்று வாரம் பின்னால் தள்ளிப் போட்டேன். அன்றைய தேதி போட்டால், அன்றைக்கு வரை சிவப்பாக இருந்தது தெரியும். எனக்குப் பின்னால் இருக்கிற இந்த அலமாரியைப் பாருங்கள். கண்ணாடிக் கதவு. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தால் திரை அதில் தெரியும். எழுத்து இடவலம் மாறித் தெரியும், சாதாரண ஆளுக்குப் படிக்க வராது. துணியின் பின்பக்கத்தைப் பார்த்தே முன்பக்கத்தைச் சொல்லிப் பழகிய கண் அவளுக்கு. இது எனக்குத் தோன்றவே இல்லை.

"சார், என் வரி சிவப்பா இருந்துச்சு. இப்ப வெள்ளையாயிடுச்சு. மறுத்தார்னு போட்டிருக்கீங்க. நான் மறுக்கலையே சார்."

கத்தவில்லை. கடைக்காரரிடம் அளவு தப்பாக இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அப்படி எதுவும் இல்லை அம்மா, உங்களுக்குத் தெரிவது வேறு ஏதோ என்றேன். சின்ன வார்த்தை. யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அவள் நேரே டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். டாக்டரம்மா ஒரு காலையில் எண்பது பேரைப் பார்க்கிறவர். அவளுடைய பதிவைத் திறந்து பார்த்தார். மூன்று வாரம் முன்பே மறுத்ததாக இருக்கிறது. இவளோ அரை மணி நேரம் முன்னால்தான் அலுவலகத்துக்காரர் மாற்றினார், கண்ணாடியில் பார்த்தேன் என்கிறாள். டாக்டரம்மா குறிப்பு எழுதினார்: 'தன் பதிவுகளை ஊழியர் இரகசியமாக மாற்றுவதாகப் புதிய பிரமை. மாத்திரை அளவை உயர்த்தவும்.' அவர் கையெழுத்து யாருக்கும் புரியாது, குறிப்புகளை நான்தான் கணினியில் ஏற்றுவேன். அந்த வரியையும் நான்தான் ஏற்றினேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை, நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் அப்போது வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். மருந்தின் அளவு டாக்டர் முடிவு. அதில் நான் மூக்கை நுழைக்கக் கூடாது. எனக்கு என் எல்லை தெரியும்.

மாத்திரை கூடியதும் அவளுக்குக் கை நடுக்கம் வந்தது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, நான்தான் கோத்துக் கொடுக்கிறேன் என்று அவள் அம்மா வருத்தப்பட்டாள். சீருடை வேலை குறைந்தது. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. வராமல் இருக்குமா?

இரண்டு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ஐந்து மாதத்தில் ஆய்வுக் குழு வரும், மறுத்தவர்களில் சிலரை நேரடியாகத் தொலைபேசியில் கேட்கும் என்று. அறுபது பேரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஏதோ கேட்டார்கள், வேண்டாம் என்றேன் என்று சொல்லிவிடுவார்கள். தையல்காரி அப்படிச் சொல்ல மாட்டாள். நாள், கிழமை, மணியோடு சொல்வாள். பத்து இருபது என்பாள். சரியாகவும் இருக்கும்.

ஆகவே அவளுக்குச் சிகிச்சை கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். எல்லோருக்கும் நல்லதுதானே. கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அறை இருந்தது. இரண்டு நாற்காலி, ஒரு சுவர்க் கடிகாரம், கண் துடைக்கக் காகிதக் கைக்குட்டை ஒரு பெட்டி. போன பையனின் கணினி அனுமதியும் இன்னும் உயிரோடு இருந்தது. அதை முடக்க வேண்டியது என் வேலை, தலைக்கு மேல் இருந்த வேலையில் விட்டுப்போயிருந்தது. சிகிச்சை எப்படி நடக்கும் என்பதும் தெரியும். ஏழு வருஷமாக அந்த அமர்வுக் குறிப்புகளைப் படித்துச் சரிபார்த்தவன் நான். என்ன கேட்பார்கள், எப்போது சும்மா இருப்பார்கள், எப்போது 'உம்' கொட்டுவார்கள் எல்லாம் பாடம்.

இனிமேல் நான்தான் உங்களோடு பேசப்போகிறேன், என்னைப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னபோது தையல்காரியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்ட குழந்தை மாதிரி எழுந்து நின்றாள். அவள் அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டரம்மாவிடமும் போய், அந்த சார் ரொம்ப நல்லவர் என்று சொன்னாளாம். எந்த சார் என்று டாக்டரம்மா கேட்கவில்லை.

என் வீட்டுக்காரிக்கு மட்டும்தான் சந்தேகம். செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மணி நேரம் ஒருத்தர் பேசுவதைக் கேட்கிறேன் என்று சொன்னதற்கு, "வீட்ல ஒரு வார்த்தை காது கொடுத்துக் கேக்க மாட்டீங்க, அங்க போய் ஒரு மணி நேரமா?" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

குரல்களைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அது படித்தவர்கள் செய்ய வேண்டியது, அரைகுறையாகக் கை வைத்தால் ஆபத்து. நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். பதிவில் 'இலக்கு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதினேன்: 'ஊழியர் பதிவை மாற்றியதைப் பார்த்தேன் என்ற நம்பிக்கையை நோயாளி கைவிடுதல்.'

முறை எளிது. ஒரு தாளில் நடுவே கோடு போடுவோம். இடப்பக்கம் அவள் பார்த்தது. வலப்பக்கம் அதற்கு வேறு என்ன காரணம் இருக்கலாம் என்பது. வெயில் கண்ணாடியில் பட்டிருக்கலாம். எழுத்து இடவலம் மாறி இருந்ததால் தவறாகப் படித்திருக்கலாம். முந்தின நாள் தூக்கம் இல்லாமல் இருந்திருக்கலாம். வலப்பக்கம் நிரம்பிக்கொண்டே வந்தது, இடப்பக்கம் ஒரே வரிதான். ஒவ்வொரு வாரமும் கடைசியில், பார்த்தது நிஜம் என்று நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கேட்பேன். முதல் மூன்று வாரம் நூறு. நாலாம் வாரம் தொண்ணூறு. அப்புறம் இறங்க ஆரம்பித்தது. கணினி அதை வரைபடமாகப் போடும். அப்படி அழகாக இறங்கிய கோட்டை நான் வேறு எந்த நோயாளியிடமும் பார்த்ததில்லை.

எட்டாவது அமர்வில் அவள் கொஞ்சம் தடுமாறினாள். கையை மடியில் அழுத்தி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு. நீங்க மாத்தலதானே? நீங்க சொன்னா நான் விட்டுடறேன்."

"நான் சொல்றதை எதுக்கும்மா நம்பணும்? நீங்களே யோசிச்சுப் பாருங்க" என்றேன்.

சிகிச்சை தருகிறவர் விடையைச் சொல்லிவிடக் கூடாது, நோயாளியே கண்டுபிடிக்க வேண்டும். அது விதி. அதை நான் மீறவில்லை. அந்த வாரம் நாற்பது என்றாள்.

பதிமூன்றாம் வாரம் வேறு ஒன்று சொன்னாள். அந்த இரண்டு குரல்களும் இப்போது தையலைப் பற்றிப் பேசுவதில்லையாம். நீ பார்த்தது சரி, நீ பார்த்தது சரி என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கின்றனவாம். எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் குளிர்ந்தமாதிரி இருந்தது, எழுந்து போய் மின்விசிறியைக் குறைத்தேன். அப்புறம் சொன்னேன், அந்தக் குரல்கள் இல்லாதவை என்று உங்களுக்கே தெரியும், இல்லாதவர்கள் சாட்சி சொன்னால் எடுபடுமா என்று. யோசித்தாள். பத்து என்றாள்.

பதினாறாவது அமர்வில் பூஜ்யம். அழுதுவிட்டாள். "உங்க மேல அநியாயமா பழி போட்டுட்டேன் சார், மன்னிச்சிடுங்க" என்றாள். பரவாயில்லை, நான் அதை அப்போதே மறந்துவிட்டேன் என்றேன். காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன். கட்டத்தில் 'முடிந்தது' என்று போட்டேன்.

சிகிச்சை முடிகிறவர்களுக்கு ஒரு நினைவு அட்டை கொடுப்பது வழக்கம். நானே அடித்து, நெகிழி உறை போட்டுக் கொடுத்தேன். நீங்கள் கையில் வைத்திருப்பது அதுதான். படித்திருப்பீர்கள். 'கண்ணில் பட்டதை உடனே நம்ப வேண்டாம். பொறுமையாக இருங்கள். அருகில் இருப்பவரிடம் கேளுங்கள். அவர் ஆம் என்று சொல்லாவிட்டால், அது இல்லை.' நாலே வரி. கீழே ஓரத்தில் கோப்பு எண், தேதி, மேஜை எண். எந்தத் தாளையும் எண் போடாமல் வெளியே விட்டது கிடையாது நான். அதை வைத்துத்தான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள் என்றார்கள். ஒழுங்காக வேலை செய்கிறவனைக் கண்டுபிடிப்பது சுலபம்.

ஆய்வுக் குழு வந்தது. தையல்காரியின் வரைபடத்தைப் பார்த்துப் பாராட்டினார்கள். மறுத்த ஒருத்தியை மனம் மாற்றிக் குணப்படுத்தியிருக்கிறீர்கள் என்று கண்காணிப்பாளரின் கையைக் குலுக்கினார்கள். அவர் என் கையைக் குலுக்கினார்.

இனி அந்தப் புதன்கிழமை. நான் அங்கே இல்லை. தையல்காரி தன்னிடம் சொன்னதாகப் பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த வாக்குமூலத்தில் படித்ததைத்தான் சொல்கிறேன். காலை பதினொன்றரை மணி. தையல்காரி முன்னறையில் இயந்திரத்தில் இருந்தாள். அட்டையை இயந்திரத்துக்கு மேலே சுவரில் மாட்டியிருந்தார்கள், அவள் அம்மாதான் ஆணி அடித்து மாட்டினாளாம். சமையலறையில் பாத்திரம் விழுகிற சத்தம். எட்டிப் பார்த்தாள். அம்மா தரையில் கிடந்தாள். கண் திறந்திருந்தது, வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, ஒரு கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அவள் அலறவில்லை. ஓடவில்லை. அட்டையில் இருந்ததை ஒவ்வொன்றாகச் செய்தாள். உடனே நம்பவில்லை. பொறுத்தாள். அருகில் இருப்பவரிடம் கேட்க வேண்டும். வீட்டில் இருந்தது அம்மா ஒருத்திதான். ஆகவே அம்மாவிடமே கேட்டாள், அம்மா, நீ கீழே விழுந்திருக்கிறாயா என்று. பதில் வரவில்லை. ஆம் என்று சொல்லாவிட்டால் அது இல்லை. திரும்பி வந்து இயந்திரத்தில் உட்கார்ந்தாள். குரல்கள் இரண்டும், போ, போய்த் தூக்கு என்று கத்தினவாம். அதுகளை நம்பக் கூடாது என்றுதான் அவளுக்குத் தெரியுமே.

அப்படியே இரண்டு மணி நேரம் நாற்பது நிமிஷம். தைக்கக் கொடுத்த துணியை வாங்கப் பக்கத்து வீட்டுக்காரி வந்தபோது ஒரு சட்டைக்குக் கை பொருத்தி முடித்திருந்தாளாம். உள்ளே பார்த்துவிட்டு அந்தப் பெண் வீறிட்டாள். தையல்காரி எழுந்து வந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

"அக்கா, உங்களுக்கும் தெரியுதா?"

முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று அறிக்கையில் போட்டிருக்கிறது. அந்த அறிக்கையும் என் மேஜைக்குத்தான் வந்தது. படித்துக் கோப்பில் சேர்த்தேன். அவள் அம்மாவுக்கு வெளிநோயாளிப் பதிவு ஒன்று இருந்தது, அதையும் முடித்துவைத்தேன்.

உங்களுக்கு வேண்டியதை நேராகச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு அந்தக் கட்டத்தை மாற்றியது நான். தேதியைப் பின்னால் தள்ளியது நான். போனவரின் பெயரில் உட்கார்ந்து பதினாறு வாரம் பேசியது நான். அவள் பார்த்தது நடந்தது. அவள் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. யார் எந்தக் கணினியில் எந்த நிமிஷம் எதை அழுத்தினார்கள் என்று எல்லாவற்றையும் அந்த இயந்திரம் வைத்திருக்கும். அது எனக்கு எப்போதும் தெரியும். யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள் என்பதும் தெரியும்.

அவளிடம் சொன்னேனா என்று கேட்கிறீர்கள். சொன்னேன். போன செவ்வாய்க்கிழமை, அவளைச் சேர்த்திருக்கிற மேல்மாடி வார்டுக்குப் போனேன். ஜன்னலோரக் கட்டில். மெலிந்திருந்தாள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நான்தாம்மா மாத்தினேன். நீங்க பார்த்தது நிஜம்" என்றேன்.

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். தப்பாகக் கணக்குப் போட்ட குழந்தையைப் பார்ப்பதுபோல.

"இல்ல சார். அது என் நோய். நீங்கதான சொல்லிக் கொடுத்தீங்க" என்றாள். பிறகு அடுத்த கட்டிலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸைக் கூப்பிட்டு, என்னைக் காட்டி, இங்கே ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரா என்று கேட்டாள். நர்ஸ் காதில் விழவில்லை. தையல்காரி கொஞ்சம் பொறுத்திருந்தாள். அப்புறம் என் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, இல்லாத ஊசியில் இல்லாத நூலைக் கோக்க ஆரம்பித்தாள்.

எனக்கு என்ன தண்டனை என்பது உங்கள் பாடு மேடம், அதில் நான் தலையிட மாட்டேன். அந்த அறுபது வரிகளையும் தாராளமாகச் சிவப்பாக்கிக்கொள்ளுங்கள். ஆனால் தையல்காரியின் வரியில் 'முடிந்தது' என்று இருப்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள். நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், சிகிச்சை எவ்வளவு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று. அந்தப் பட்டியலிலேயே நான் பொய்யாகப் போடாத கட்டம் அது ஒன்றுதான்.